ஓலெ என்ற சொல் திருப்பூருக்குப் போன கதை

ஒத்தக்கம்பை என்கிற எங்கள் ஊரில் ஒரு காலத்தில் மனிதர்கள் தமிழிலும் நாய்கள் வீட்டுப்பேச்சிலும் வாழ்ந்துகொண்டிருந்தார்கள் என்று சொன்னால் கீழ்நாட்டுக்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். சத்தியமங்கலத்தில் பஸ் ஏறி, ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, குடலைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் ஊருக்கு வந்து, ஒரு நாயைத் தமிழில் கூப்பிட்டுப் பார்த்திருந்தால் அவர்களுக்கே விளங்கியிருக்கும். எங்கள் நாய் காதைக்கூட ஆட்டாது.

வீட்டுப்பேச்சு என்பது எங்கள் முன்னோர் பேசிய பேச்சு. அதற்கு எழுத்து கிடையாது, புத்தகம் கிடையாது, ஆனால் அதைப் பள்ளிக்கூடத்தில் பேசிய பிள்ளைக்கு வாத்தியார் கொடுக்கும் தண்டனை மட்டும் தவறாமல் இருந்தது. வெயிலில் முட்டி போட்டு முட்டி போட்டுத் தோல் உரிந்துபோன எங்கள் பெற்றோர்கள், தங்கள் பிள்ளைகளின் முட்டியாவது வழவழவென்று இருக்கட்டும் என்று எங்களைத் தமிழில் கொஞ்சி, தமிழில் திட்டி, தமிழில் சோறு ஊட்டி வளர்த்தார்கள். அப்படியானால் வீட்டுப்பேச்சை என்ன செய்வது? தூக்கிப்போட மனசு வரவில்லை. மிஞ்சிய கஞ்சியை என்ன செய்வார்களோ அதையே செய்தார்கள், நாய்க்கு வைத்தார்கள். வா, போ, தின்னு, கடிக்காதே, பன்னி வருது பார் என்று கொஞ்சம் கொஞ்சமாய் அந்தப் பேச்சு நாய்களின் காதில் போய்ச் சேர்ந்து, அங்கேயே குடியிருந்தது.

இந்த நிலையில்தான் அழிகிற பேச்சுகளையெல்லாம் பிஞ்சுப் பருவத்திலேயே நாக்கில் ஏற்றிக் காப்பாற்ற வேண்டும் என்று மேலிடத்தில் யாருக்கோ தோன்றி, அந்தத் தோன்றல் ஒவ்வொரு ஆபீஸாக இறங்கி எங்கள் ஊர் அங்கன்வாடிக்கு வந்து சேர்ந்தது. அங்கன்வாடி டீச்சர் லீலாவதி, எங்களுக்கு லீலா, எங்கள் ஊர்ப் பெண்தான். கீழே போய்ப் படித்துவிட்டுத் திரும்பி வந்தவள். குரலை உயர்த்தாமலே ஒரு கூட்டத்தை உட்கார வைக்கிற சாமர்த்தியம் அவளுக்கு உண்டு. அவள் ஊரைக் கூட்டிச் சொன்னாள்.

"மூணு வயசு நாக்கு ஈர மண்ணு மாதிரிங்க. எது விழுந்தாலும் மொளைக்கும். ஆளுக்கு ஒரு வார்த்த ஞாபகம் இருந்தாப் போதும். கொண்டாந்து புள்ளைங்களுக்குக் குடுங்க."

குடுங்க என்றுதான் சொன்னாள். சொல்லிக்குடுங்க என்று சொல்லியிருந்தால் இந்தக் கதையே கிடையாது. எங்கள் ஆட்களிடம் கொடுக்கச் சொன்னால் அதற்கென்று ஒரு முறை இருக்கிறது. விதையோ ஆட்டுக்குட்டியோ பெண்ணோ, எதைக் கொடுத்தாலும் வாங்குகிறவர் நாக்கில் ஒரு சொட்டுத் தேன் வைத்து, "இனி உன்னுது" என்று சொல்லி, முதுகைக் காட்டித் திரும்பி, ஒருமுறைகூடப் பின்னால் பார்க்காமல் நடந்துவிட வேண்டும். பாதியைக் கொடுத்துப் பாதியைக் கையில் வைத்துக்கொள்கிற ஈனப் பழக்கம் எங்களிடம் இல்லை என்பதில் எங்களுக்கு மகா பெருமை. அந்தப் பெருமைதான் எங்களைக் கவிழ்த்தது.

முதலில் டீக்கடை மாக்கன் வந்தார். தண்ணீர் என்பதற்கான சொல்லை ஒரு பெண் குழந்தையின் காதில் சொன்னார், நாக்கில் தேன் வைத்தார், திரும்பிப் பார்க்காமல் கடைக்குப் போனார். போய் நாய்க்குத் தண்ணீர் காட்டக் கூப்பிட்டால் அந்தச் சொல் அவர் வாயில் இல்லை. பக்கத்திலிருந்தவர்கள் சொல்லிப் பார்த்தார்கள். அவர்கள் வாயிலும் இல்லை. நேற்றுவரை எல்லோருக்கும் தெரிந்த சொல், நாக்கு அந்த இடத்துக்கு வந்ததும் பல் போன ஈறு மாதிரி வழுக்கிக்கொண்டு போயிற்று. அங்கன்வாடிக்கு ஓடிப் போய்ப் பார்த்தால் அந்தக் குழந்தை சத்துமாவு உருண்டையைக் கடித்துக்கொண்டு, "ஈம், ஈம்" என்று அழகாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

வேறு ஊராக இருந்தால் கோடாங்கியைக் கூப்பிட்டிருப்பார்கள். நாங்கள் ஆச்சரியப்படவில்லை. கொடுத்த பொருள் கொடுத்தவன் வீட்டில் இருந்தால்தான் ஆச்சரியம். ஆகவே கொடை நிற்கவில்லை, சொல்லப்போனால் போட்டி போட்டுக்கொண்டு கொடுத்தோம். மழையைக் கொடுத்தார்கள், பலாப்பழத்தைக் கொடுத்தார்கள், நேற்று என்பதையும் நாளை என்பதையும் இரட்டைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். மாட்டேன் என்பதற்கான "கிர்ரே"யை வார்டு மெம்பர் மாத்தன், தேர்தலில் நிற்கிறவனுக்கு இது எதற்கு என்று சொல்லி சர்வேஷ் என்கிற குண்டுப் பையனுக்குக் கொடுத்தார். வா என்பதற்கான "ஓலெ"யை, ஊரிலேயே அதிக நாய் வளர்த்த நஞ்சன், பெள்ளனின் மகள் மிதுனாவுக்குக் கொடுத்தார். இப்படி வீட்டுப்பேச்சு முழுக்க அங்கன்வாடிக்குள் போய்ச் சேர்ந்தது, ஒரு வாய்க்கு ஒரு சொல்லாக, அதிகம் போனால் இரண்டாக.

அப்புறம் நாங்கள் அதற்குப் பழகிக்கொண்டோம். ஒரு வாக்கியம் வேண்டுமென்றால் பிள்ளைகளை வரிசையாக நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். "நாளை மழை வரும்" என்று சொல்ல மூன்று பிள்ளைகள் போதும், ஆனால் நாளைக்காரன் ஒன்றுக்குப் போயிருந்தால் மழை மட்டும் வந்துவிடும். காய்ச்சல் பரவிய வாரத்தில் எங்கள் பேச்சில் வினைச்சொல்லே இல்லாமல் போனது. மத்தியானம் பாய் விரித்துப் பிள்ளைகள் தூங்கும்போது மொத்த மொழியும் வாயைத் திறந்துகொண்டு தூங்கியது, அந்த நேரத்தில் யாரும் அங்கன்வாடிப் பக்கம் செருப்புச் சத்தம் போட மாட்டோம். "ஆனால்" என்கிற சொல்லை வைத்திருந்த நோஞ்சான் பையனுக்குத்தான் ஊரில் ஏக கிராக்கி. புருஷன் பெண்டாட்டி சண்டை எங்கே நடந்தாலும் அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

நாய்கள் பாடு வேறு மாதிரி ஆயிற்று. அவற்றுக்குத் தமிழ் தெரியாது, ஓலெயோ மிதுனாவிடம் இருந்தது. ஆகவே சாயங்காலமானால் ஊர்ப் பெரியமனிதர்களெல்லாம் நாலு வயதுப் பெண்ணிடம் வந்து, "கண்ணு, எங்க கறுப்பனைக் கொஞ்சம் கூப்புடு சாமி" என்று கைகட்டி நின்றார்கள். அவள் கூப்பிடுவாள். ஊர் முழுக்கப் பேசிய சொல் ஒரே வாயில் போய்ச் சேர்ந்ததால் அதற்கு எடை ஏறிவிட்டிருந்தது, மிதுனா ஓலெ என்றால் நாய் மட்டும் வராது, கோழி வரும், ஆடு வரும், மாக்கன் கொதிக்கிற பாலை அப்படியே விட்டுவிட்டுக் கரண்டியோடு வருவார். வந்த பிறகுதான் எதற்கு வந்தோம் என்று எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம். மிதுனா கையைக் கொட்டிச் சிரிப்பாள்.

கீழேயிருந்து சூப்பர்வைசர் கமலவேணி பார்வையிட வந்தார். நல்ல மனுஷி, வளைவுகளில் பாதி உயிரை விட்டுவிட்டு மீதி உயிரோடு வந்திருந்தார். பிள்ளைகள் வரிசையாக நின்று ஆளுக்கொரு சொல்லாக வரவேற்புச் சொன்னதும் அவர் முகம் சுருங்கியது.

"இது கோரஸ் மாதிரி இருக்கே டீச்சர். ஒரு குழந்தை தனியா நின்னு ஒரு முழு வாக்கியம் பேசணும். அப்பதான் திட்டம் ஜெயிச்சதுன்னு அர்த்தம். தம்பி, நீ வா. உங்க பாஷையில எதாச்சும் பேசு பாக்கலாம்."

சர்வேஷ் அவரை மேலும் கீழும் பார்த்து, "கிர்ரே" என்றான்.

"என்ன சொல்றான்?"

"பேச மாட்டேங்கறானுங்க மேடம்," என்றாள் லீலா. "முழு வாக்கியந்தானுங்க."

கமலவேணி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, திருப்தியாகத் தலையாட்டி, இரண்டு டம்ளர் டீ குடித்துவிட்டுப் போனார். எங்கள் பேச்சு பிழைத்துவிட்டது என்று நாங்களும் நிம்மதியாகத் தூங்கினோம். அந்த நிம்மதி மிதுனாவின் அப்பா பெள்ளன் வந்து சொல்லும்வரை இருந்தது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அவனுக்கும் அவன் மனைவிக்கும் வேலை கிடைத்திருந்தது, தங்க லைன் வீடும் தருகிறார்களாம், வைகாசி பிறந்ததும் கிளம்புகிறார்கள்.

ஆள் போவது எங்களுக்குப் புதிதில்லை. ஆனால் ஓலெ போவதென்றால் என்ன அர்த்தம் என்று லீலாவுக்குத்தான் முதலில் உறைத்தது. ஒரு பேச்சில் பலாப்பழம் இல்லாமல் இருக்கலாம், நேற்றுகூட இல்லாமல் இருக்கலாம். வா என்று ஒரு சொல் இல்லாத பேச்சுக்குள் அப்புறம் யார் வருவார்கள்? அவள் அன்று சோறு உண்ணவில்லை. மறுநாள் காலையில் மிதுனாவை மடியில் உட்கார வைத்துத் தலையை வாரிவிட்டபடி கேட்டாள்.

"திருப்பூருக்குப் போறியாமா கண்ணு?"

"ம்."

"அங்க நாயெல்லாம் தமிழ்ல கூப்புட்டாலே வருமாம். உன்ற வார்த்தைய, உன் பக்கத்துல நிப்பானே நித்திஷு, அவனுக்குக் குடுத்துட்டுப் போறியா?"

மிதுனா யோசித்தாள். பிறகு மடியிலிருந்து இறங்கி, மூலையில் உருண்டை தின்றுகொண்டிருந்த சர்வேஷின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து வந்து லீலாவின் முன்னால் நிறுத்தினாள்.

"கிர்ரே," என்றான் சர்வேஷ், வாய் நிறைய மாவோடு.

"உன்னைக் கேக்கல சர்வேஷு."

"எனக்காகச் சொல்லல டீச்சர். அவளுக்காகச் சொன்னேன்."

வீட்டுப்பேச்சைப் பற்றிய கேள்விக்கு வீட்டுப்பேச்சிலேயே மறுத்தாயிற்று. முறைப்படி அதற்கு மேல் பேச்சில்லை. ஆனால் ஊர் சும்மா இருக்குமா? ஒருவர் கண் மூடித் திறக்கும் பொம்மை வாங்கி வந்தார். இன்னொருவர் தேன்மிட்டாய் பாட்டிலையே கொண்டுவந்து வைத்தார். பொம்மையையும் மிட்டாயையும் மிதுனா வாங்கிக்கொண்டாள், சொல்லைக் கொடுக்கவில்லை. நஞ்சன் அவள் ஓலெ சொல்வதை செல்போனில் பதிவு செய்தார். போட்டுக் கேட்டால் காற்றுச் சத்தமும் பின்னால் ஒரு சேவலும் மட்டும் கேட்டது. கடைசியில் வார்டு மெம்பர் மாத்தன் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்.

"புள்ளதானுங்களே. ரெண்டு அதட்டு அதட்டுனா, கொஞ்ச நேரம் முட்டி போட வெச்சா, தானாக் குடுத்துரும்."

லீலா அன்றைக்குத்தான் குரலை உயர்த்தினாள்.

"முட்டி போட வெச்சுப் புடுங்கின பேச்சுங்க இது. மறுக்கா முட்டி போட வெச்சுத்தான் வாங்கணும்னா, அது போகட்டும் விடுங்க."

மாத்தன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தரையைப் பார்த்தார்.

கிளம்புகிற நாளில் ஊரே பஸ் நிற்கிற இடத்துக்கு வந்தது, நாய்களும் வந்தன. பஸ் புறப்படும்போது மிதுனா பழக்கதோஷத்தில் ஓலெ என்று சொல்லித் தொலைத்துவிட்டால் ஊர் மொத்தமும் பஸ்ஸில் ஏறிவிடும் என்று பயந்து அவள் அம்மா அவள் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள். "புள்ளைக்கு என்னம்மா, வாந்தியா?" என்று டிரைவர் கேட்டார். ஆமாங்க என்று சொல்லி வைத்தாள். பொத்திய கைக்கு மேலே அந்தப் பெண்ணின் கண் இரண்டும் எங்களையே பார்த்துக்கொண்டு போயின.

அதன் பிறகு எங்கள் ஊர் படாத பாடு பட்டது. நாய்கள் பஸ் நிற்கிற இடத்திலேயே படுத்துக்கொண்டன, சோற்றை அங்கேயே கொண்டுபோய் வைத்தோம். அதுகூடப் பரவாயில்லை. போகிறவர்களை வெறும் போ என்று சொல்லி அனுப்புவது எங்களுக்கும் ஆகாது, போய்ட்டு வா என்றுதான் சொல்ல வேண்டும், வெறும் போ சுடுகாட்டுக்கு மட்டும்தான். போ என்கிற சொல்லை வைத்திருந்த பிள்ளை, ஊரைவிட்டு யார் கிளம்பினாலும் அதைச் சொல்லிவிட்டு, அடுத்த சொல்லுக்காகப் பக்கத்துக் காலி இடத்தைப் பார்க்கும். கேட்டவர்கள் தூக்கிய மூட்டையைக் கீழே வைத்துவிடுவார்கள். இப்படியே வந்த விருந்தாளிகள் கிளம்ப முடியாமல் வாரக்கணக்கில் தங்கினார்கள், ஒரு மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்து சாமை விதைப்புக்குக் கூடமாட ஒத்தாசை செய்துவிட்டுப் போனார்கள். அங்கன்வாடியில் லீலா பிள்ளைகளை வரிசையாக நிறுத்தும்போது மிதுனாவின் இடத்தை விட்டுவிட்டே நிறுத்தினாள். வாக்கியம் அந்த இடத்துக்கு வந்ததும் தடுக்கி நிற்கும்.

ஆடி மாதம் லீலாவுக்குப் பொறுக்கவில்லை. கேட்கப் போகவில்லை, பார்த்துவிட்டுத்தான் வரப்போகிறேன் என்று எங்களிடம் சொன்னாள், தனக்கும் அதையே சொல்லிக்கொண்டாள், முறுக்கும் மலைவாழைப்பழமும் கட்டிக்கொண்டு திருப்பூருக்கு பஸ் ஏறினாள். இனி சொல்வது அவள் வந்து எங்களிடம் சொன்னது.

லைன் வீடுகள் ஒரு நீளமான சந்தில் எதிரெதிராக இருந்தன, ஒவ்வொன்றும் ஒரே அறை. சந்துக்குள் நுழையும்போதே உள்ளேயிருந்து ஓலெ என்று ஒரு குரல் கேட்டது. பின்னால் வந்த ஆட்டோ நின்றது, பஞ்சு மூட்டை தூக்கிப்போன ஆள் நின்றார், லீலாவின் கால் தானாகவே வேகம் பிடித்தது. அட, பிள்ளை நன்றாகத்தான் இருக்கிறாள் என்று சந்தோஷமாக ஓடினால், மிதுனா குழாயடியில் சும்மா உட்கார்ந்திருந்தாள். கூப்பிட்டது அவளில்லை. எதிர்வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்த வேறொரு சிறுபிள்ளை. ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்களின் மகள், பெயர் ஃபுல்மணி. அவளுக்குத் தமிழில் ஒரு வார்த்தை தெரியாது.

லீலா மிதுனாவின் பக்கத்தில் குழாயடியில் உட்கார்ந்தாள். சொல் ஊரை விட்டது மட்டுமில்லாமல் இப்போது கைமாறியும் விட்டது.

"குடுத்துட்டியா மிதுனா?"

"ம். தேன் இல்ல டீச்சர். சக்கரை வெச்சேன். திரும்பிப் பாக்காமத்தான் வந்தேன்."

"நாங்க அத்தனை பேரு கேட்டமே கண்ணு. எங்களுக்குக் குடுக்கலையே."

மிதுனா ரொம்ப நேரம் குழாயைத் திறந்து திறந்து மூடினாள்.

"உங்களுக்கெல்லாம் ஆளு இருக்கு. இவ அவ பேச்சுல கூப்புட்டா ஒருத்தரும் திரும்ப மாட்டேங்கறாங்க. எல்லாரும் கம்பெனிக்குப் போனப்புறம் கதவுகிட்ட நின்னு கூப்புட்டுக்கிட்டே இருந்தா டீச்சர்."

இதற்கு மேல் யாரிடம் கேட்பது, என்ன பேச்சில் கேட்பது? லீலா முறுக்குப் பொட்டலத்தை மிதுனாவின் கையில் கொடுத்துவிட்டு, அம்மா அப்பாவைக் கேட்டதாகச் சொல் என்று எழுந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சந்தில் நடந்தாள். அழுதுகொண்டு போகிற பெரிய மனுஷியை எதிர்வீட்டு வாசலிலிருந்து ஃபுல்மணி பார்த்தாள். கூப்பிட்டாள்.

"ஓலெ."

லீலா திரும்பினாள். அவளுக்கு முப்பத்திநாலு வயது. அவள் பிறப்பதற்கு முன்பே அந்தச் சொல்லை நாய்க்கு வைத்துவிட்டார்கள். பெற்ற தாய்கூட அவளைத் தமிழில்தான் கூப்பிட்டாள். அந்தச் சொல்லைக் காப்பாற்ற அத்தனை பாடுபட்டவளை, பிறந்ததிலிருந்து அந்த நிமிஷம்வரை, ஒரு மனிதரும் அவளுக்கென்றே அந்தச் சொல்லால் கூப்பிட்டதில்லை. சந்தின் நடுவில் நின்று ஓவென்று அழுதேன் என்று எங்களிடம் சொன்னபோதும் அவள் அழுதாள், கேட்ட நாங்களும் அழுதோம், மாத்தன் துண்டால் மூக்கைச் சிந்தினார்.

பிறகு அவள் உள்ளே போனாள். ஃபுல்மணி அவளைத் தரையில் உட்கார வைத்து, அம்மா மூடி வைத்துப் போயிருந்த தட்டிலிருந்து ஒரு பிடி சோற்றை எடுத்து, பிள்ளைகளுக்கு ஊட்டுவது மாதிரி லீலாவின் வாயில் வைத்தாள். எங்கள் முறைப்படி கொடுத்தவர் முதுகைக் காட்டித் திரும்பி நடந்துவிட வேண்டும். ஃபுல்மணி எங்கே நடப்பாள், அது ஒரே அறை. லீலாவுக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மெல்லுகிறாளா என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் மிதுனா முறுக்குப் பொட்டலத்தோடு, வரலாமா வேண்டாமா என்று நின்றாள். உள்ளே வா கண்ணு என்று கூப்பிட லீலா வாயைத் திறந்தாள். வந்தது ஓலெ. திடுக்கிட்டுக் கையால் வாயைப் பொத்தினாள், ஐயோ இந்தப் பிள்ளையிடமிருந்து பிடுங்கிவிட்டேனே என்று ஃபுல்மணியைப் பார்த்தாள். ஃபுல்மணியோ கழுத்தை நீட்டி, வாசலைப் பார்த்து, அதே ஓலெயைத் தானும் ஒருமுறை சத்தமாகச் சொன்னாள்.

இரண்டு வாய்க்குள் ஒரு சொல். இவ்வளவு காலமும் எங்களைக் காலி செய்தது கொடுத்ததா, திரும்பிப் பார்க்காமல் போனதா என்று லீலா அப்புறம் எங்களையெல்லாம் உட்கார வைத்துக் கேட்டாள். ஊர்ப் பெருமை சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் நாங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. அன்றைக்கு அதையெல்லாம் யோசிக்க அவளுக்கு நேரமில்லை. மிதுனா ஓடி வந்து அவள் மேல் விழுந்தாள், முறுக்கு பாதி நொறுங்கிவிட்டது, ஆட்டோக்காரர் ஒருவர் என்னவென்று தெரியாமல் வாசலில் வந்து நின்றார். எல்லோரும் உட்கார அந்த அறையில் இடம் போதவில்லை, கொஞ்சம் தள்ளித் தள்ளி உட்கார்ந்தார்கள்.